மூன்று கைகளும் ஒரு முதன்மை எண்ணும்

மூன்று கைகள் உயர்ந்தன.

தலைவருடைய கை முதலில் உயர்ந்தது. அதில் தங்க மணிக்கூடு. அடுத்தது மகாலிங்கம் மாஸ்டருடைய கை. காலை வகுப்பின் சோக்குத் தூள் விரல்களில் இன்னும் இருந்தது. கடைசியாகச் செயலாளர் குகனுடைய கை. அது முழுதாக எழும்பவில்லை. காதுக்குப் பக்கத்தில் வந்து, தலையைச் சொறிவதா உயர்வதா என்று தெரியாமல் நின்றது.

என் கைகள் இரண்டும் மேசை மேலேயே இருந்தன.

"மூண்டுக்கு ஒண்டு," என்றார் தலைவர். "அப்ப அது முதன்மை எண் இல்லை. அடுத்த அலுவலைப் பாப்பம்."

யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் அலுவலகம், கந்தோர் அறை அது. சில வருடங்களுக்கு முன்பு, ஒரு வெயில் ஏறிய முற்பகல். 2147483647 என்ற எண் முதன்மை எண்ணா இல்லையா என்பதை அங்கே கை உயர்த்தி முடிவு செய்தார்கள்.

போன கிழமை என் பணி ஓய்வு விழாவைப் பற்றி இந்தப் பத்திரிகைத் தொடரில் எழுதியதை வாசித்துச் சிரித்தோம் என்று சில பேர் சொன்னார்கள். இந்தக் கிழமை என்னிடம் சிரிப்பு இல்லை. அந்த மூன்று கைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

முப்பத்தொரு தரம்

கணக்கு என்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கொஞ்சம்தான்.

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாத எண் முதன்மை எண். ஏழு அப்படிப்பட்டது. பதின்மூன்று அப்படிப்பட்டது. எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களில் இதுதான் பெயர். கடல் தாண்டினால் பகா எண் என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் அதை உடைக்க முடியாது.

இரண்டை எடுத்து இரட்டித்துக்கொண்டே போங்கள். இரண்டு, நாலு, எட்டு, பதினாறு என்று முப்பத்தோராவது இடத்துக்குப் போய், வந்த விடையிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். 2147483647 வரும். இருநூற்றுப் பதினான்கு கோடியும் சொச்சமும். அது முதன்மை எண் என்று கணிப்பான் எதுவும் இல்லாத காலத்திலேயே ஒருவர் கையால் கணக்குப் பார்த்து நிறுவிவிட்டார்.

இதை நான் முதலில் கேள்விப்பட்டபோது நம்பவில்லை. அப்போது எனக்கு இருபது வயதிருக்கும். சண்டைக்காலம். பல்கலைக்கழகக் கம்பஸ் மூடிக் கிடந்தது. யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட நாட்கள் அவை. என்னுடைய கணிப்பான் செத்துப்போய் அலுமாரிக்குள் கிடந்தது. எழுதுகிற அப்பியாசக் கொப்பிக்கும் தட்டுப்பாடு.

அதனால் உடுவிலில் எங்கள் வீட்டு விறாந்தைச் சீமெந்து நிலத்தில் சோக்கட்டியால் வகுக்கத் தொடங்கினேன்.

நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரையுள்ள முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நாலாயிரத்துக்கு மேல் வரும். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு ஒரு காரணி இருந்தால், அந்தக் காரணியை அறுபத்திரண்டால் வகுத்தால் மீதி ஒன்று வர வேண்டும். எட்டால் வகுத்தால் மீதி ஒன்றோ ஏழோ வர வேண்டும். இந்த இரண்டு சல்லடையிலும் அரித்தால் நூறுக்கும் குறைவானவைதான் மிஞ்சும். அவற்றில் முதலாவது 311. வகுத்தேன். மீதி 35. அழித்தேன். அடுத்ததற்குப் போனேன்.

"நிலமெல்லாம் சுண்ணாம்பாக்கிப் போட்டாய்," என்று அம்மா ஏசினார். "உதைக் கண்டுபிடிச்சு ஆருக்கு என்ன?"

எனக்குத்தான், அம்மா. வானத்தில் ஹெலி சுற்றும்போது பதுங்கு குழிக்குள் ஓடுவேன். அது போனதும் வந்து விட்ட இடத்திலிருந்து வகுப்பேன். ஒவ்வொரு தரமும் மீதி வந்தது. கடைசி எண்ணிலும் மீதி வந்தபோது, அந்தக் கெட்ட காலத்தில் யாரும் உடைக்க முடியாத ஒன்றை என் கையாலேயே தொட்டுவிட்டேன் என்று தோன்றியது.

அந்த எண்ணைத்தான் மூன்று பேர் கை உயர்த்தி உடைத்தார்கள்.

தர்சிகா

அந்த நிலையத்துக்கு உயர்தர வகுப்புக் கணித ஆசிரியர் தேவைப்பட்டார். நேர்முகப் பரீட்சைக்கு நான்கு பேர் கொண்ட குழு. தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். மகாலிங்கம் மாஸ்டர் அந்தப் பகுதியில் பேர்போன ரியூசன் மாஸ்டர். அவர் எழுதிய கணித வழிகாட்டி வீட்டுக்கு வீடு இருக்கும். குகன் செயலாளர். குழுவில் ஒரு பெண் இருந்தால் நல்லது என்று நான்காவதாக, கணிதம் படிப்பிக்கிற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வந்த விண்ணப்பதாரிகளில் தர்சிகா ஒருத்திதான் கணிதத்தில் சிறப்புப் பட்டம் பெற்றவள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். வெளிர் நீலச் சேலை. பஸ்ஸில் வந்த வியர்வையைத் துடைத்துவிட்டு, கதிரையின் நுனியில் இல்லாமல் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று.

தலைவர் சான்றிதழ்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "கெட்டிக்காரப் பிள்ளை" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு முகவரியைப் பார்த்தார்.

"பருத்தித்துறையோ?"

"ஓம் சேர்."

"பருத்தித்துறையிலை எந்தப் பக்கம்?"

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இது வழி கேட்கிற கேள்வி அல்ல. நீ என்ன சாதி என்று வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் கேட்கிற கேள்வி. வெட்கம் கேட்பதில்தான். தெரிந்துகொள்வதில் வெட்கம் இல்லை.

நான் உடுவிலில் சொந்தக் காணியில் பயிர் வைக்கிற, ஊர் உயர்வாக எண்ணுகிற தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவள். நான் எந்தப் பக்கம் என்று என்னை யாரும் கேட்டதில்லை. அவர்களுக்குத் தெரியும்.

தர்சிகா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"கடற்கரைப் பக்கம் சேர். அப்பா தொழிலுக்குப் போறவர்."

தொழிலுக்குப் போவது என்றால் கடலுக்குப் போவது. தலைவர் பேனாவின் மூடியைப் பூட்டினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை.

பத்து நிமிடப் பாடம்

மாதிரிப் பாடம் ஒன்று எடுத்துக் காட்டச் சொன்னார்கள். மாணவர்கள் இல்லை. நாங்கள் நான்கு பேரும்தான் மாணவர்கள்.

அவள் எடுத்தது முதன்மை எண்கள். ஒன்றைப் பதினொரு தரம் இரட்டித்து, விடையில் ஒன்றைக் கழித்தால் 2047 என்று கரும்பலகையில் எழுதினாள். "பாத்தால் முதன்மை எண் மாதிரித்தான் கிடக்கு. ஆனா இஞ்சை பாருங்கோ," என்று 23 × 89 என்று எழுதினாள். "இப்ப இந்த இருபத்துமூண்டையும் எண்பத்தொன்பதையும் இருபத்திரண்டாலை வகுத்துப் பாருங்கோ. என்ன மீதி வருது?"

நான் ஒரு மாணவியைப் போலச் சத்தமாகச் சொன்னேன். "ஒண்டு! ரெண்டுக்கும் ஒண்டு!"

அவள் சிரித்தாள். "அது தற்செயல் இல்லை ரீச்சர்." அங்கிருந்து முப்பத்தொன்றுக்குப் போனாள். நான் விறாந்தையில் அரித்த அதே சல்லடை. அதை அவள் அழகாக, ஒரு படியும் விடாமல் காட்டினாள். "உங்கடை போனிலை சில விளையாட்டுகளிலை புள்ளி ஏறி ஏறி ஒரு இடத்திலை நிண்டிடும். எங்கை நிக்கும் தெரியுமோ? இந்த எண்ணிலைதான்," என்றாள். பிறகு 2147483647 என்று எழுதி, அதன் கீழே கோடு போட்டாள். "இது முதன்மை எண்."

"நிப்பாட்டும் பிள்ளை," என்றார் மகாலிங்கம் மாஸ்டர்.

தன் பைக்குள்ளிருந்து வழிகாட்டியை எடுத்தார். தாமே எழுதிய புத்தகத்தைத் தாமே காவித் திரிகிற மனிதர். ஒரு பக்கத்தைப் புரட்டி மேசையில் வைத்து விரலால் தட்டினார். இரட்டித்து ஒன்று கழித்தும் முதன்மை எண் ஆகாதவற்றுக்கு உதாரணம் என்று இரண்டு எண்கள் அச்சடித்திருந்தன. முதலாவது 2047. சரி. இரண்டாவது 2147483647. பிழை.

"பதினைஞ்சு வருசமா இந்தப் புத்தகம் ஓடுது," என்றார். "ஒருத்தரும் பிழை சொன்னதில்லை."

தர்சிகா அந்தப் பக்கத்தைக் கவனமாக வாசித்தாள். "அச்சுப் பிழையா இருக்கும் சேர்," என்றாள்.

தப்பித்துக்கொள்ள அவருக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தாள். ஓம், அச்சுப் பிழைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய மானமும் போயிருக்காது.

"அச்சுக்காரன்ரை பிழையோ, உம்மடை பிழையோ எண்டு நாங்கள் பாக்கிறம்," என்றார் அவர். "வெளியிலை இரும்."

அவள் வெளியே போய், அங்கே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்தாள். அறைக்கும் அந்த வாங்குக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தட்டிதான். இருமினால் கேட்கும்.

கவிழ்ந்த போன்

"மாஸ்டர், அந்தப் பிள்ளை சொன்னது சரி," என்றேன். "நான் கையாலை வகுத்துப் பாத்தனான்."

"இவ்வளவு பெரிய எண்ணையோ?" என்று சிரித்தார். "ரீச்சர், உதெல்லாம் எங்கையாவது ஒரு இடத்திலை வகுபடும்."

எங்கையாவது! கணித வழிகாட்டி எழுதியவர் வாயிலிருந்து வந்த சொல்.

எனக்குக் குரல் ஏறிவிட்டது. "குகன், உங்கடை போனிலை அந்த எண்ணை ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ."

குகன் தேடினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரை வெளிச்சம் அவருடைய கண்ணாடியில் விழுந்தது. வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், போனை மெதுவாக மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சிக்னல் இல்லை," என்றார்.

மாஸ்டரை நான் ஓரளவு விளங்கிக்கொள்வேன். தன் புத்தகம் பிழை என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத மனிதர். தலைவருக்குக் கணக்கே தெரியாது. ஆனால் உண்மையைக் கண்ணால் வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்த அந்தக் கையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தலைவர் தொண்டையைச் செருமினார். "ஏன் வீணாச் சண்டை? வாக்குக்கு விடுவம். மாஸ்டர் சொல்லுறது சரியெண்டுறவை கையை உயத்துங்கோ."

மூன்று கைகள்.

தலைவர் தொடர்ந்தார். "பாடத்திலை இவ்வளவு பெரிய பிழை விட்ட பிள்ளையை எடுக்கேலாது. பெற்றோருக்கு நாங்கள் பதில் சொல்ல வேணும்." பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, ஏதோ சொந்தக்காரியிடம் கதைப்பது போலச் சொன்னார். "ரீச்சர், நீங்களும் எங்கடை ஆள். உங்களுக்கு நான் சொல்லித் தர வேணுமே?"

அந்த 'எங்கடை' என்ற சொல் என் மேல் எச்சில் போல விழுந்தது.

நான் எழும்பினேன். கதிரை பின்னால் விழுந்தது. யாரும் அதைத் தூக்கவில்லை.

"தலைவர், இன்னொண்டுக்கும் வாக்கெடுப்பம்," என்றேன். "இந்தப் பிள்ளை கடற்கரையிலை பிறந்தது பிழையெண்டு நினைக்கிறவை கையை உயத்துங்கோ."

ஒருவரும் அசையவில்லை.

"ஏன், இப்ப கை எழும்பேல்லை? எண்ணுக்குத் துணிஞ்சு எழும்பின கை இதுக்கு ஏன் எழும்பேல்லை? எண்ணைப் பற்றி உங்களுக்கென்ன தெரியும்? நீங்கள் எண்ணைப் பாக்கேல்லை. ஊரைப் பாத்தனீங்கள்."

"ரீச்சர், வார்த்தையை அளந்து கதையுங்கோ," என்றார் மாஸ்டர்.

"நான் அளக்கத் தெரிஞ்சவள் மாஸ்டர். அதுதான் உங்களுக்குப் பிரச்சினை."

வெளியே வந்தேன். வாங்கு வெறுமையாக இருந்தது. வாசலில் நின்ற காவலாளியைக் கேட்டேன். பருத்தித்துறை பஸ் வந்ததும் அந்தப் பிள்ளை ஏறிப் போய்விட்டது என்றார்.

ஒண்டு போதும்

அந்த வேலை மாஸ்டருடைய மருமகனுக்குப் போனது. நான் அதிசயப்படவில்லை.

சில மாதங்கள் கழித்துப் பக்கத்து வீட்டு இராணி தன் மகளுடைய கணிதக் கொப்பியைக் கொண்டுவந்தாள். மகள் அந்த நிலையத்தில்தான் படிக்கிறாள். ஏதோ ஒரு கணக்கு விளங்கவில்லையாம். கொப்பியைப் புரட்டியபோது அந்த எண் கண்ணில் பட்டது. 2147483647, முதன்மை எண் அன்று. கீழே சிவப்பு மையில் 'சரி' என்று போட்டிருந்தது.

ஒரு பெண்ணைத் தள்ளி வைக்கச் சொன்ன பொய், இப்போது ஒரு பிள்ளையின் கொப்பியில் பாடமாக ஏறியிருந்தது.

அடுத்த ஞாயிறு அங்கே பெற்றோர் கூட்டம். இராணியோடு நானும் போனேன். மண்டபம் நிறைய ஆட்கள். சோடாவும் பற்றீசும் கொடுத்தார்கள். மேடையில் அதே மூன்று பேர். கேள்வி நேரம் வந்ததும் எழும்பினேன்.

"மாஸ்டர், உங்கடை புத்தகத்திலை ஒரு எண்ணை முதன்மை எண் இல்லை எண்டு போட்டிருக்கிறியள். அப்பிடியெண்டால் அதுக்கு ஒரு காரணி இருக்க வேணும். அதைச் சொல்லுங்கோ."

"ரீச்சர், இது அதுக்குரிய இடமில்லை."

"கனக்க வேண்டாம். ஒண்டு போதும். எந்த எண்ணாலை அது வகுபடும்?"

முதன்மை எண் என்று நிறுவுவதுதான் பாடு. ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்த்து ஒன்றும் திறக்கவில்லை என்று காட்ட வேண்டும். இல்லை என்று சொல்கிறவருக்கு வேலை மிகச் சுலபம். ஒரு காரணியைக் காட்டினால் முடிந்தது. ஒரு மனிசரை வேண்டாம் என்று தள்ளுகிறவரிடமும் நான் கேட்பது அவ்வளவுதான். ஒரு காரணம். வாயைத் திறந்து சொல்லக்கூடிய ஒரே ஒரு காரணம்.

மாஸ்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தலைவர் ஒலிவாங்கியை வாங்க எழும்பினார்.

அப்போதுதான் இராணி எழும்பினாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், கூட்டங்களில் வாய் திறக்காதவள். "அவ கேக்கிறா தானே மாஸ்டர்," என்றாள். "ஒண்டைச் சொல்லிவிடுங்கோவன். பிள்ளையள் பாடமாக்குதுகள்."

பின்வரிசையில் ஒருவர் "ஓம், சொல்லட்டும்" என்றார். இன்னொருவர் போனை எடுத்துத் தேடினார். அவருக்குச் சிக்னல் நன்றாகவே கிடைத்தது. "இதிலை முதன்மை எண் எண்டெல்லே கிடக்கு!" என்று உரக்க வாசித்தார். மண்டபம் சலசலத்தது. குகன் தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டர் ஒரு காரணியும் சொல்லவில்லை. பக்கத்துக் கதவால் போய்விட்டார்.

அடுத்த பதிப்பில் அந்த வரி இல்லை. திருத்தம் என்று ஒரு குறிப்பும் இல்லை. சத்தமில்லாமல் தூக்கிவிட்டிருந்தார்கள். அந்த மருமகன் இன்றைக்கும் அங்கேதான் படிப்பிக்கிறார்.

கடற்கரைப் பக்கம்

புதிய பதிப்பு ஒன்றை வாங்கிக்கொண்டு பருத்தித்துறைக்குப் போனேன். தர்சிகாவிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. வெற்றிபெற்றது போல ஒரு நினைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

வீட்டு முற்றத்தில் அவளுடைய அப்பா வலையை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். முன்னறையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. தர்சிகா என்னைக் கண்டதும் பிள்ளைகளுக்குக் கணக்கொன்றைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

நான் நடந்ததையெல்லாம் சொல்லி, அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். வரி இருந்த இடத்தைப் பார்த்தாள். புத்தகத்தை மூடி என் கையில் தந்தாள்.

"அண்டைக்கு நீங்கள் அவையோடை கதைச்சதெல்லாம் எனக்குக் கேட்டது ரீச்சர். தட்டிக்கு அங்காலைதானே இருந்தனான். உங்களிலை எனக்கு மரியாதை." பிள்ளைகள் இருந்த அறையை ஒருக்கா எட்டிப் பார்த்தாள். "ஆனா எண்ணைத் திருத்துறது சுகம். அந்த எண்ணை அவை என்னத்தைச் சொன்னாலும் அதுக்கு ஒண்டும் குறையாது. எனக்கு அப்பிடியில்லை. அண்டைக்கு பஸ்ஸிலை வரேக்கை அழுதனான். அப்பாட்டை என்ன சொல்லுறதெண்டு தெரியாமல், பாடத்திலை பிழை விட்டிட்டன் எண்டு பொய் சொன்னனான். சரியாச் செய்த கணக்கைப் பிழையெண்டு என்ரை வாயாலை சொல்ல வைச்சவை. அதுக்கு எந்தப் பதிப்பிலை திருத்தம் வரும்?"

அவளுடைய அப்பா வலையில் ஒரு முடிச்சை இழுத்து இறுக்கினார். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது.

குகன் பிறகு அவளுக்கு இரண்டு தரம் போன் எடுத்தாராம். மருமகனுக்கு உயர்தரக் கணக்கு ஓடவில்லை, பிள்ளைகள் விலகுகிறார்கள், வந்து வகுப்பு எடுக்கிறீங்களா என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீர்?"

"சிக்னல் இல்லை எண்டு சொல்லி வைச்சிட்டன்."

அப்போதுதான் இருவரும் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்குக் கோபம் முன்னையிலும் கூடியிருந்தது. இப்படிப்பட்ட ஒரு ஆசிரியை கிடைக்காமல் போனது புத்தூர்ப் பிள்ளைகளுக்குத்தானே.

போன மாதம் அவளைத் திரும்பவும் சந்தித்தேன். இந்தத் தொடரில் அந்த நாளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். உன் பெயரை மாற்றிவிடுகிறேன், ஊரையும் பொதுவாகப் போட்டுவிடுகிறேன் என்றேன்.

"பேரை மாத்துங்கோ," என்றாள். "ஊரை மாத்தாதேங்கோ. பருத்தித்துறை எண்டு மட்டும் போட்டு மறைக்கவும் வேண்டாம். எந்தப் பக்கம் எண்டும் போடுங்கோ. கேட்டவை வாசிக்கட்டும்."

போடுகிறேன். தர்சிகா, கணிதச் சிறப்புப் பட்டதாரி, ஆசிரியை. பருத்தித்துறை, கடற்கரைப் பக்கம்.